நிலத்தடி மனிதர்கள் – 17: கம்பெனி கொடுத்த கட்டில்

1913-இன் கடைசியில் ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்க முதலாளிகள் அமெரிக்காவிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். பெயர் வில்லியம் கோர்கஸ். பனாமாக் கால்வாய் வெட்டிய இடத்தில் மஞ்சள் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்கியவர் என்று உலகம் கொண்டாடிய மனிதர். ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றிய தங்க வயல்களில், அதாவது ‘ராண்ட்’ பகுதியில், கறுப்பினத் தொழிலாளர்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தெற்கு அட்சரேகை 22 பாகைக்கு வடக்கே, வெப்ப நாடுகளிலிருந்து வந்தவர்களின் சாவு அளவு கடந்து போனதால் அங்கே ஆள் பிடிப்பதையே அரசாங்கம் அந்த வருடம் தடை செய்துவிட்டது. ஆள் குறைந்தால் தங்கம் குறையும். அதனால்தான் டாக்டர்.

கோர்கஸ் சுரங்கங்களையும் தொழிலாளர் கொட்டடிகளையும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். சாப்பாடு, மருத்துவமனை, காற்றோட்டம் என்று பல யோசனைகள். அவற்றோடு முதலாளிகள் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. ஆட்களைப் பெரிய கொட்டடிகளில் அடைத்து வைக்காதீர்கள், தனித்தனிக் குடிசைகளில் பரவலாகக் குடியமர்த்துங்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றார். பனாமாவில் தொழிலாளர்கள் கொட்டடியை விட்டு வெளியேறிச் சொந்தக் குடிசை போட்டுக்கொண்ட பிறகுதான் நிமோனியா தணிந்தது என்பது அவர் கண்ட அனுபவம்.

மருத்துவ ஏற்பாடுகளை முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். பனாமாவில் கோர்கஸோடு வேலை பார்த்த ஓரன்ஸ்டைன் என்ற டாக்டரையே சுகாதாரத் தலைவராக நியமித்தார்கள். குடிசை யோசனையை மட்டும் ஓரமாக வைத்துவிட்டார்கள். செலவு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் கொட்டடி என்பது செலவைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமாக எப்போதும் இருந்ததில்லை. அது தெரிய முப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

போன இதழில் கிம்பர்லி வைரக் குழிகளை விட்டு வந்தோம். அங்கே 1885-இல் கிம்பர்லி சென்ட்ரல் கம்பெனியும் அடுத்த வருடம் டி பியர்ஸ் கம்பெனியும் மூடிய ‘காம்பவுண்டு’களைத் தொடங்கின. நாலு பக்கமும் தகர வேலி. உள்ளே ஓரமாக வரிசையாகக் கொட்டடிகள், நடுவில் முற்றம். முற்றத்துக்கு மேலே கம்பி வலை. உள்ளிருந்து யாரும் வைரத்தை வேலிக்கு வெளியே வீசிவிடக் கூடாது என்பதற்காக அந்த வலை. ஒப்பந்தம் முடியும் வரை, அது சில மாதங்களானாலும், ஆள் வெளியே போக முடியாது. சுரங்கத்துக்குப் போகவும் தனிப் பாதை. சாமான் வாங்கக் கம்பெனிக் கடை. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது துணியை உரிந்து தனி அறையில் சில நாள் வைத்திருந்து, விழுங்கியிருந்தால் வெளியே வரட்டும் என்று பேதி மருந்து கொடுத்து அனுப்புவார்கள்.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஊர்க் கடைக்காரர்கள். தொழிலாளி வெளியே வராவிட்டால் வியாபாரம் யாரிடம் நடக்கும்? வெள்ளைத் தொழிலாளிகளுக்கும் அதே உடல் சோதனையைக் கொண்டுவரப் பார்த்தபோது 1883-லும் 1884-லும் வேலைநிறுத்தம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அதற்குப் பிறகும் வெள்ளையர்களைக் காம்பவுண்டுக்குள் அடைக்கவில்லை. அவர்களுக்காக செசில் ரோட்ஸ் 1880-களின் கடைசியில் கெனில்வொர்த் என்று ஒரு கிராமத்தையே கட்டிக் கொடுத்தார். மர நிழல், தோட்டம், குடும்பத்துக்கு ஒரு வீடு. குழியில் அருகருகே நின்றவர்கள் இராத்திரிக்கு எங்கே போய்ப் படுப்பது என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது.

தங்கச் சுரங்கங்கள் 1886-இல் தொடங்கியபோது இந்த ஏற்பாடும் வடக்கே போனது. தங்கத் தாதுவை யாரும் விழுங்கிவிட முடியாது. டன் கணக்கில் பாறையை அரைத்தால்தான் கொஞ்சம் தங்கம். எனவே கம்பி வலை தேவைப்படவில்லை, கதவும் ஓரளவு திறந்திருந்தது. ஆனால் காம்பவுண்டு இருந்தது. ஒரு அறையில் இருபது பேரிலிருந்து ஐம்பது பேர் வரை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சிமெண்டுக் கட்டில்கள். இனம் இனமாகப் பிரித்த கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வைத்த ‘இண்டூனா’ என்ற தலைவன். வெளியே போனால் கையில் பாஸ். மொசாம்பிக், பசூட்டோலாந்து, கிழக்குக் கேப் என்று நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து ஆள் பிடித்து வர, முதலாளிகளின் சங்கமே தனி அமைப்புகள் வைத்திருந்தது.

இதன் கணக்கு எளிது. தொழிலாளி தனி ஆள், குடும்பம் ஊரில். ஊரில் மனைவி சோளம் விதைக்கிறாள், மாடு மேய்க்கிறாள், பிள்ளையை வளர்க்கிறாள், கிழவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். எனவே கூலி ஒருவன் வயிற்றுக்குப் போதும். உடம்பு கெட்டால் ஊருக்கு அனுப்பிவிடலாம். நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து இருமிச் செத்தவர்களின் சாவு சுரங்கத்தின் கணக்கில் ஏறாமல் ஏதோ ஒரு மலைக் கிராமத்தின் கணக்கில் ஏறியது. பிரான்சிஸ் வில்சன் என்ற பொருளாதார அறிஞர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 1969-இல் கறுப்பினத் தங்கச் சுரங்கத் தொழிலாளி வாங்கிய கூலி 1911-இல் இருந்ததை விட அதிகமில்லை. இந்த அதிசயம் அந்தச் சிமெண்டுக் கட்டில் இல்லாமல் நடந்திருக்காது.

கோர்கஸ் வந்து சேர்ந்த அதே வருடம், ராண்டுக்குத் தெற்கே நேட்டால் நிலக்கரி வயலில் வேறொன்று நடந்தது. அதில் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

நியூகாசில், டண்டி வட்டாரச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாகவும் ஒப்பந்தம் முடிந்தவர்களாகவும் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழர், தெலுங்கர் நிறையப் பேர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 1913 அக்டோபரில் காந்தியின் சத்தியாக்கிரகத்தின் பகுதியாக டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு பெண்கள் குழு எல்லை தாண்டி நியூகாசிலுக்கு வந்தது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு. காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் அவர்களோடு சேர்ந்து சுரங்கம் சுரங்கமாகப் போய்ப் பேசினார். வேலைநிறுத்தம் காட்டுத் தீயாகப் பரவியது. அந்தப் பெண்களுக்குக் கடுங்காவல் கிடைத்தது.

முதலாளிகள் உடனே கை வைத்தது குடியிருப்பில். தொழிலாளர்கள் இருந்தது கம்பெனி லைன் வீடுகள். தண்ணீரை நிறுத்தினார்கள், விளக்கை அணைத்தார்கள். காந்தி இதைத் தன் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’ நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். வேலை செய்யாதவன் முதலாளி வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று யோசித்து அவர் சொன்ன வழி: வீட்டைக் காலி செய்யுங்கள். கம்பளியும் உடுத்த துணியும் போதும், தட்டுமுட்டுச் சாமானை விட்டுவிட்டு வாருங்கள். நியூகாசிலில் இருந்த லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் குடும்பம் தன் வீட்டைத் திறந்துவிட்டது. வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். திறந்த வெளியில் படுத்தார்கள். ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும் ரேஷன். நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

இதைச் சத்தியாக்கிரக வரலாறாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வீட்டின் வரலாறாகவும் படிக்கலாம். அரசாங்கம் கடைசியில் என்ன செய்தது என்று பாருங்கள். நடந்தவர்களைக் கைது செய்து ரயிலேற்றி அதே சுரங்கங்களுக்குத் திருப்பி அனுப்பியது. அவர்கள் விட்டுவந்த காம்பவுண்டுகளையே டண்டி, நியூகாசில் சிறைகளின் கிளைகளாக அறிவித்தது. சுரங்க மேஸ்திரிகள் சிறைக் காவலர்களானார்கள். சுரங்க வேலையே கடுங்காவல் தண்டனையாயிற்று. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் 3 பவுன் வரி ஒழிந்தது. காம்பவுண்டு ஒழியவில்லை.

1920-களுக்குப் பிறகு நகர்ப்பகுதிச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கறுப்பின மக்கள் நகரத்தில் குடும்பமாக வாழ்வதே சலுகையாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் புதிய தங்கப் படுகைகள் கிடைத்தபோது, ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தின் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் ஒரு திட்டம் சொன்னார். கறுப்பினத் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேருக்காவது குடும்ப வீடு கட்டிக் கொடுக்கலாம் என்றார். கருணை என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பழகிய கை ஊருக்கும் சுரங்கத்துக்குமாக அலையாமல் ஒரே இடத்தில் நிலைத்தால் நிறுவனத்துக்கு லாபம். ஆனால் அப்போது பழங்குடி விவகார அமைச்சராக இருந்தவர் ஃபெர்வூர்ட். நிறவெறி ஆட்சியின் சிற்பி. 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கோடு போட்டுவிட்டார். நூறு பேரில் 97 பேருக்கு ஹாஸ்டல், அதாவது அதே காம்பவுண்டு, என்பது அரசின் கொள்கை ஆயிற்று. முதலாளிகளுக்கும் அதில் பெரிய வருத்தமில்லை.

ஹாஸ்டலில் ஒரு வேலைநிறுத்தம் எப்படி உடைக்கப்படும் என்பதற்கு 1946 நல்ல பாடம். ஜே. பி. மார்க்ஸ் தலைமையில் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நாளுக்கு 10 ஷில்லிங் கூலி கேட்டு ஆகஸ்ட் 12 அன்று வேலையை நிறுத்தியது. 70,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஆனால் அந்த 70,000 பேரும் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு காம்பவுண்டாகப் போலீஸ் வளைத்தது. பக்கத்துச் சுரங்கத்தில் என்ன நடக்கிறது என்று இந்தச் சுரங்கத்தில் தெரியாது. துப்பாக்கிக் கத்தியைக் காட்டி ஆட்களைக் குழிக்குள் இறக்கினார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் 9 பேர் செத்தார்கள், 1,248 பேர் காயம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பின் ஏறக்குறைய நாற்பது வருடங்களுக்குக் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நிலையான சங்கம் இல்லை. 1982-இல் சிரில் ராமபோசா பொதுச் செயலாளராகவும், லெசோத்தோவிலிருந்து வேலைக்கு வந்த ஜேம்ஸ் மொட்லாட்சி தலைவராகவும் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, அது அறை அறையாகத்தான் வளர்ந்தது. அறைக்கு ஒருவர் என்று தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் ‘இசிபோண்டா’ என்ற வழக்கம் ஏற்கெனவே உண்டு. சங்கத்துக்கு அது கை கொடுத்தது. அடைத்து வைத்த இடமே கூட்டம் கூடும் இடமாகியது. ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே மதிலுக்குள் வைத்த முதலாளிகள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1987 ஆகஸ்டில் சுமார் 3 லட்சம் பேர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்ட கூலி கிடைக்கவில்லை. சுமார் 50,000 பேர் வேலை இழந்தார்கள். வேலை போனவனுக்குக் கட்டிலும் போயிற்று, சாப்பாடும் போயிற்று. ஊருக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வழியில்லை. கட்டில் கம்பெனியுடையதாக இருக்கும்வரை வேலைநிறுத்தம் எத்தனை நாள் என்பதையும் கம்பெனிதான் முடிவு செய்யும் என்பது மறுபடி நிரூபணமானது. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஹாஸ்டல் ஒழிப்பு கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்ததில் வியப்பில்லை. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தொழிலாளி முடிவு செய்யட்டும் என்றார்கள்.

பாஸ் சட்டங்கள் 1986-இல் நீங்கின. உடனே பெரிய நிறுவனங்கள் சொந்த வீட்டுத் திட்டம் கொண்டுவந்தன. சுரங்கத்துக்குப் பக்கத்தில் வீடு, தவணையில் கடன். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அலட்சியம் என்று மேலாளர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தொழிலாளர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகவே படுகிறார்கள். 1987-இல் 5 லட்சத்துக்கும் மேல் இருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை 2000-த்தின் தொடக்கத்தில் சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிட்டது. வேலை போன மறுமாதம் தவணை யார் கட்டுவது? சுரங்கம் மூடிய ஊரில் வீட்டை யார் வாங்குவார்கள்? கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் கம்பெனி வீடுகளை விட்டுப் போக முடியாமல் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் இதற்குப் பதில் சொல்வார்கள்.

ஹாஸ்டலுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளியில்தான் 1990-களில் ஒரு புது ஏற்பாடு பேச்சுவார்த்தையில் உருவானது. ஹாஸ்டலில் இருக்க விரும்பாதவருக்கு மாதந்தோறும் ‘வெளித்தங்கல் படி’. பணத்தை வாங்கிக்கொண்டு விருப்பப்பட்ட இடத்தில் இருக்கலாம். நூறு வருடக் கூண்டுக்குப் பிறகு இது பெரிய வெற்றிதான். இண்டூனா கிடையாது, கதவில் காவல் கிடையாது. மனைவி ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கிப் போகலாம்.

நடந்தது வேறு. படி வாங்கிய தொழிலாளி அதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பினார். பிள்ளை படிப்பு, ஊரில் கட்டும் வீடு, கடன் வட்டி. மிச்சத்தில் சுரங்கத்தின் மதிலுக்கு வெளியே ஒரு தகரக் குடிசை வாடகைக்குக் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறை குழிதான், மின்சாரம் வந்தால் உண்டு. பலருக்கு ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று ஆயிற்று. ஒரு கூலியில் இரண்டு அடுப்பு எரிந்தது. கட்டிலும் சாப்பாடும் வேலைக்காரரும் வைத்திருந்த கம்பெனி, சம்பளச் சீட்டில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. தெரிவு செய்யும் உரிமை கிடைத்தது. தெரிவு செய்ய வீடுதான் இல்லை. நகராட்சி கட்டும் என்று கம்பெனி சொன்னது. கம்பெனி கட்டும் என்று நகராட்சி சொன்னது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இன் சுரங்க சாசனம் ஹாஸ்டல்களைக் குடும்பக் குடியிருப்புகளாக மாற்றச் சொன்னது. 2010-இன் திருத்தம் 2014-க்குள் அறைக்கு ஒருவர் என்று காலக்கெடு வைத்தது. உரிமம் வேண்டும் நிறுவனம் சமூக, தொழிலாளர் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும், அது சட்டப்படி கட்டுப்படுத்தும். பிளாட்டினம் எடுக்கும் லோன்மின் நிறுவனம் எழுதிக் கொடுத்த திட்டத்தில் 2011 செப்டம்பருக்குள் 5,500 வீடுகள் கட்டுவதாக இருந்தது.

கட்டியது 3. மாதிரி வீடுகள்.

2012 ஆகஸ்டில் ரஸ்டன்பர்க் பக்கம் மரிகானாவில் லோன்மினின் பாறை துளைப்பவர்கள் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். துளைக் கருவியைப் பிடித்துப் பாறையைக் குடையும் அந்த வேலை சுரங்கத்திலேயே கடினமானது. செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்குக் கேப்பிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் வந்தவர்கள். பலர் குடியிருந்தது இன்கனேங் என்ற தகரக் குடிசைப் பகுதியில். அவர்கள் கூடி உட்கார்ந்த பாறைக் குன்று அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. சங்கத்தின் அலுவலகத்துக்குப் போகாமல் ஏன் குன்றுக்குப் போனார்கள்? ராமபோசாவின் பழைய சங்கம் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். ராமபோசா அப்போது லோன்மினின் இயக்குநர் குழுவில் இருந்தார்.

குடியிருப்புப் பிரச்சினையை வருடக் கணக்கில் எழுதிவந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானது தேவாலயங்கள் அமைத்த பெஞ்ச் மார்க்ஸ் அறக்கட்டளை. பிளாட்டினச் சுரங்கங்களைச் சுற்றிய குடிசைப் பகுதிகளை வெளித்தங்கல் படியே வளர்த்தது என்பது அதன் வாதம். அதே ஆகஸ்டில் அந்த வாரமே அதன் புதிய அறிக்கை வெளிவந்தது. அதன் தலைவர் பிஷப் ஜோ செயோகா 16-ஆம் தேதி தானே குன்றுக்குப் போனார். நிர்வாகம் வந்து எங்களோடு பேசட்டும், அதுதான் கேட்கிறோம் என்று தொழிலாளர்கள் சொன்னதைக் கொண்டுபோய் நிர்வாகத்திடம் சேர்த்தார். நிர்வாகம் மறுத்தது. அன்று பிற்பகல் போலீஸ் சுட்டதில் 34 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாட்களின் மோதல்களில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்பட 10 பேர் இறந்திருந்தார்கள்.

விசாரணைக்கு நீதிபதி ஃபார்லம் தலைமையில் ஆணையம். துப்பாக்கியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியவர்கள் வீட்டைப் பற்றியும் விசாரித்தார்கள். 2008-இன் நிதி நெருக்கடி வந்துவிட்டது, தொழிலாளர்களுக்கே வீடு வாங்க விருப்பமில்லை என்று கம்பெனி சொன்னது. ஆணையம் ஏற்கவில்லை. வீட்டுக் கடமையை நிறைவேற்றத் தவறியது பதற்றத்தை வளர்த்த காரணங்களில் ஒன்று என்று 2015-இல் வெளியான அறிக்கை சொன்னது. சம்பளத்தைப் பற்றிய சண்டை என்று எல்லோரும் நினைத்ததில் வீடு இத்தனை ஆழத்தில் புதைந்திருந்தது.

விருப்பமில்லை என்று கம்பெனி சொன்னதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் இந்தக் கதையின் சிக்கல். சுரங்கத்துக்குப் பக்கத்தில் கடனில் வீடு வேண்டாம், படியைக் கொடு, ஊரில் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன தொழிலாளர்கள் நிறைய. வயதான பிறகு போய் உட்காரப் போவது அம்மா அப்பாவைப் புதைத்த இடத்தில். அதனால் படியை எடுத்துவிட்டு வீடு கட்டு என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் தொழிலாளியின் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். ஹாஸ்டலும் ஒரு காலத்தில் தொழிலாளியின் நன்மைக்கு என்றுதான் சொல்லப்பட்டது. வாடகை வீடு, சொந்த வீடு, குடும்பக் குவார்ட்டர்ஸ், படி எல்லாமே உண்மையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கூடவே தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் வேண்டும் என்று கேட்டவர்கள்தான் விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் என்பது என் கட்சி. 2019 டிசம்பரில் அரசிதழில் வந்த சுரங்கக் குடியிருப்புத் தரவிதிகளும் தொழிலாளிக்குப் பல வகைகளைக் கொடுக்க வேண்டும், சங்கத்தைக் கேட்டே திட்டம் போட வேண்டும் என்கின்றன.

காகிதத்தில் இதற்கு முன்பும் நல்ல வரிகள் இருந்தன. 2013-இல் லோன்மின் அரசு வீடு கட்டுவதற்காக 50 ஹெக்டேர் நிலம் கொடுத்தது. கடைசி ஹாஸ்டல்களைக் குடும்ப அறைகளாகவும் தனியறைகளாகவும் மாற்றி முடித்தது. 2016-இல் ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு மரிகானாவுக்குப் போய்ப் பார்த்தபோது, முறையான குடியிருப்பு இன்னும் தேவைப்படும் தொழிலாளர்கள் சுமார் 13,500 பேர். இது கம்பெனியே ஒத்துக்கொண்ட எண். 2019 ஜூனில் சிபான்யே-ஸ்டில்வாட்டர் நிறுவனம் லோன்மினை வாங்கியது. குழிகளோடு சேர்த்து அந்தப் பாக்கியையும்.

(அடுத்த இதழில் கொலராடோ: காந்தி நியூகாசிலில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே 1913 செப்டம்பரில், கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேறி மழையில் கூடாரங்களுக்கு நடந்த நிலக்கரித் தொழிலாளர்கள்.)